ஒரு கையெழுத்திலிருந்து ஓர் எழுத்துரு



கையால் வரைந்த எழுத்துகளைக் கொண்டு கணினிக்கு ஓர் எழுத்துருவை முதன்முறையாக உருவாக்குவது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள். நான் எழுத்துரு வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவன் அல்லேன், தமிழாசிரியன். என் வாழ்நாளில் ஒரே ஓர் எழுத்துருவைத்தான் முழுமையாகச் செய்து முடித்திருக்கிறேன். அதற்கு ஈராண்டுகள் பிடித்தன. அவற்றுள் ஓராண்டு தவறுகளைச் செய்வதிலும் திருத்துவதிலும் கழிந்தது. தேர்ந்த வல்லுநர்களுக்கு அத்தகைய தவறுகள் மறந்து போயிருக்கும். எனக்கு அவை நன்றாக நினைவிலிருக்கின்றன; தொடக்க நிலையிலுள்ளவர்களுக்கு அவையே மிகுதியாகப் பயன்படும் என்று கருதுகிறேன்.

என் தந்தையார் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். செக்ரோல் முதலிய தோட்டக் கணக்குகளை ஆங்கிலத்தில் எழுதினார். அவர் தமிழில் எழுதியவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை, தைப்பிங்கில் வாழ்ந்த தம் தமக்கையாருக்கு 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் எழுதிய 31 கடிதங்களும், தோட்டப் பள்ளிக்கு நாற்காலி மேசை வேண்டி எழுதிய ஒரு விண்ணப்பத்தின் படியுமே. இவற்றையெல்லாம் என் அத்தை ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் வைத்துக் காத்திருந்தார். தந்தையார் மறைந்தபின் அப்பெட்டி என்னிடம் வந்தது. அக்கையெழுத்தை எழுத்துருவாக்கலாம் என்று அப்பொழுது தோன்றியது. கடிதங்களை வருடியில் வைத்துப் படியெடுத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி, கணினியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எண்ணினேன். அதுவே என் முதல் தவறு.

எத்தனை வடிவங்கள் வரைய வேண்டும்?

தமிழ் எழுத்துகள் 247 என்று பள்ளியில் கற்பிக்கிறோம். எழுத்துருவாக்க விரும்புவோர் இவ்வெண்ணைக் கேட்டதும் அஞ்சுவர். உண்மையில் அத்தனை வடிவங்களை வரையத் தேவையில்லை. நம் எழுத்துமுறையே அவ்வுழைப்பைக் குறைத்துத் தந்திருக்கிறது.

எண்ணிப் பார்ப்போம். உயிரெழுத்துகள் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய்கள் 18, புள்ளி பெற்ற மெய்கள் 18. இகர, ஈகர வரிசைகள் 36. இவற்றில் மேல்விலங்கு எழுத்தோடு ஒட்டி வருவதால், கையெழுத்துச் சாயல் வேண்டுமெனில் ஒவ்வொன்றையும் தனியே வரைவதே நன்று. டி, டீ ஆகிய இரண்டும் மற்றவற்றைப் போலன்றி வேறு வகையில் இணைவதைக் காண்க. உகர, ஊகர வரிசைகள் 36. இதுவரை 121. எஞ்சிய ஏழு வரிசைகளில், அதாவது ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசைகளில், 126 எழுத்துகள் உள்ளன. அவற்றுக்குத் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரத்துக்குரிய இணைக்கொம்பு என நான்கே குறிகள் போதும். ஔகார வரிசையில் வலப்புறம் நிற்பது ளகரத்தின் வடிவமே. ஆகவே 121உடன் 4ஐக் கூட்ட 125. இந்த 125 வடிவங்களைக் கொண்டு 247 எழுத்துகளையும் அமைத்துவிடலாம்.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு செய்தி. 25 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஐந்து வடிவங்களைப் பகிர்ந்தளித்தால் ஒரு முழு எழுத்துரு ஆகிவிடும். அவ்வாறு செய்தும் பார்த்தேன். விளைந்தது படிக்கவியலாத கதம்பம். ஆயினும் ஒருவர் வரைந்த ‘ப’வுக்கு அருகில் இன்னொருவர் வரைந்த ‘ம’ ஏன் பொருந்தவில்லை என்று மாணவர்கள் வாதிட்ட அந்த அரைமணி நேரம், நான் எடுத்த எழுத்துப்பாடங்கள் எல்லாவற்றிலும் பயனுடையதாக இருந்தது.

இவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாவா என்பது வேறு அரங்கில் பேச வேண்டிய பொருள். ஜொகூருக்குக் கடிதம் எழுதுபவருக்கு ‘ஜொ’ தேவை. என் தந்தையார் அதை எழுதியிருக்கிறார். எண்களையும் நிறுத்தக்குறிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 170 வடிவங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் வரைந்தால் மூன்று மாதங்களில் முடியும்.

நமக்கு முன்னே சென்றவர்கள்

எழுத்தைப் பகுத்து, எதைத் தனியே வார்ப்பது, எதைக் கோத்து அமைப்பது என்று முடிவு செய்யும் இவ்வேலை நமக்குப் புதியதன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலுக்கு எழுத்து வார்த்தவர்கள் அதைச் செய்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய எழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொள்ள நேர்ந்தது. எழுத்தின் அளவு அழகு பற்றியது மட்டுமன்று, செலவு பற்றியதும் ஆகும் என்பதை அவர்கள் தாள் தீர்ந்த பின்னர் உணர்ந்தனர்.

நமக்கு அண்மையிலும் முன்னோடிகள் உளர். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிற் பிறந்து மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். சில விசைகளே கொண்ட ஒரு பொறியில் 247 எழுத்துகளையும் அடக்குவதே அவருக்கு முன்னின்ற சிக்கல். கணினிக் காலத்தில் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறைமையையும், மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்ச’லையும் உருவாக்கினர். மெக்கிண்டாஷ் கணினியோடு வரும் ‘இணைமதி’ எழுத்துரு முத்து நெடுமாறன் வடிவமைத்ததே. கையெழுத்துச் சாயலில் அமைந்த எழுத்துரு ஒன்றை முன்மாதிரியாகக் காண விரும்புவோர், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்து இலவசமாகக் கிடைக்கும் ‘கவிவனார்’ எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்த்துப் படியெடுக்க வேண்டா. சுழிகள் எவ்விடத்தில் தடிக்கின்றன, எவ்விடத்தில் மெலிகின்றன என்று பார்த்தாலே போதும்.

தாளில் வரைதல்

கடிதங்களை நேரே வருடியெடுத்தது தவறு என்றேன். காரணம் எளியது. ஒரே மனிதர் ஒரே நாளில் எழுதிய ‘க’ பத்தும் பத்து அளவில் இருக்கும். மை ஊறிய இடம் தடித்தும், பேனா வறண்ட இடம் மெலிந்தும் இருக்கும். கண் இவற்றைப் பொறுத்துக்கொள்கிறது, எழுத்துரு பொறுப்பதில்லை. ஏனெனில் எழுத்துருவில் நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒரு ‘க’ ஆயிரம் முறை திரும்ப வரும். அதிலுள்ள மைத்துளியும் ஆயிரம் முறை வரும். மூன்று மாத வேலையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன்.

இரண்டாம் முறை, ஒவ்வோர் எழுத்துக்கும் கடிதங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு எடுத்துக்காட்டுகளைத் திரட்டி ஒரு தாளில் அருகருகே ஒட்டினேன். அவற்றுள் பொதுவானது எது, அன்றைய அவசரம் எது என்று பிரித்தறிந்த பின்னர், கட்டமிட்ட தாளின்மேல் ஊடுதெரியும் தாளை வைத்துச் சீரான தடிப்புள்ள பேனாவினால் மூன்று அங்குல உயரத்தில் வரைந்தேன். முதல் முயற்சிக்குப் பட்டைமுனைப் பேனாவைத் தவிர்ப்பது நலம். அது தரும் தடிப்பும் மெலிவும் அழகுதான்; ஆனால் 125 வடிவங்களிலும் ஒரே கோணத்தைக் காப்பது தேர்ந்த கைக்கே இயலும்.

வரையத் தொடங்கும் வரிசையும் முதன்மையானது. அரிச்சுவடி ‘அ’வில் தொடங்குகிறது, எழுத்துரு ‘அ’வில் தொடங்கக்கூடாது. ‘அ’ சுழியும் வளைவும் நேர்கோடும் ஒருங்கே கொண்ட கடினமான எழுத்து. ‘ட’வில் தொடங்குங்கள். ஒரு நிமிர்கோடு, ஒரு கிடைக்கோடு. அவ்விரண்டின் உயரமும் நீளமும் உறுதியானால், வலப்புறம் இன்னொரு கோட்டை எழுப்ப ‘ப’ வரும். ‘ப’ அமைந்தபின் ‘ம’, ‘ய’, ‘ழ’ ஆகியவற்றின் இடப்பக்கம் தானே அமைந்துவிடும். அடுத்து ‘க’, ‘ச’, ‘த’: மூன்றுக்கும் தலைப்பகுதி ஒன்றே, முடிவில்தான் வேறுபடுகின்றன. பிறகு ‘வ’, ‘ல’, ‘ன’, ‘ண’, ‘ள’ என்னும் சுழிக்குடும்பம். ‘ங’, ‘ஞ’, ‘ந’, ‘ற’ ஆகியவை உறவு குறைந்தவை, இறுதியில் வைத்துக்கொள்ளலாம்.

‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று. பெரிதாக வரையும்போது இது எளிதாகத் தோன்றும். 12 புள்ளி அளவில் அச்சிட்டதும் ‘ண’வின் சுழிகள் அடைபட்டுக் கருங்குமிழிகளாக நிற்கும். என் முதல் அச்சுப்படியில் ‘கண்ணன்’ என்ற சொல் எறும்பு வரிசை போல இருந்தது. ‘ண’வின் அகலத்தைக் கூட்டி, சுழிகளின் உள்வெளியைப் பெரிதாக்கி, அங்கே கோட்டின் தடிப்பைச் சிறிது குறைத்த பின்னரே கண் அதை ஏற்றது. அளவுகோல் சமம் என்று சொல்வதைக் கண் சமம் என்று கொள்வதில்லை. எழுத்துருவாக்கத்தில் கண்ணே இறுதி நடுவர். இதே காரணத்தால் வளைந்த அடியுடைய எழுத்துகள் அடிக்கோட்டை இம்மியளவு தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால், நேர்கோட்டு அடியுடைய ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் அருகில் அவை குறுகி மிதப்பனபோலத் தோன்றும்.

துணைக்காலையும் ரகரத்தையும் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பழைய கையெழுத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. என் தந்தையாரின் கையிலும் அப்படியே. படிப்பவர் சொல்லின் பொருளால் வேறுபாட்டை உணர்ந்துகொள்வார். தட்டச்சுப் பழக்கத்திலும் ‘ரி’ என்பதைத் துணைக்காலும் மேல்விலங்கும் சேர்த்து இடும் வழக்கம் இருந்தது. அப்பழக்கம் கணினிக்கும் வந்து, இன்றும் பல ஆவணங்களில் கண்ணுக்குச் சரியாகவும் தேடலுக்குத் தவறாகவும் நிற்கிறது. ‘ஔ’ என்ற ஓரெழுத்தை ‘ஒ’, ‘ள’ என இரண்டாகத் தட்டுவதும் இவ்வகையினதே. எழுத்துருவில் ரகரத்தின் அடியைச் சற்றுச் சாய்த்து இறக்கிக் காலிலிருந்து வேறுபடுத்தினேன். தந்தையார் அவ்வளவு இறக்கியதில்லை. இவ்வோரிடத்தில் மட்டும் நான் மகனாக இல்லாமல் ஆசிரியனாக முடிவெடுத்தேன்.

எழுதப்படாத எழுத்துகள்

குடும்பங்களாகப் பிரித்து வரைந்து முடித்தபோது பட்டியலில் சில கட்டங்கள் வெறுமையாக இருந்தன. 31 கடிதங்களில் ‘ங்’ நூற்றுக்கணக்கில் வருகிறது: நீங்கள், அங்கு, வாங்கி. புள்ளியில்லாத ‘ங’ ஓரிடத்திலும் இல்லை. தமிழில் அது அரிதாகத்தான் வரும். மெய்யின் புள்ளியை நீக்கிவிட்டால் அகரமேறிய உயிர்மெய் கிடைத்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும், ஆயினும் அவர் கையால் எழுதியது எங்கேனும் இருக்காதா என்ற ஆவல் எனக்கு. ஓரிரவு அந்த விண்ணப்பப்படியை எடுத்துப் பார்த்தேன். அதன் அடியில், கையொப்பத்துக்கு மேலே, வழக்கமான முடிப்புச் சொல் நின்றது: ‘இங்ஙனம்’. புள்ளி பெற்ற ஙகரமும் புள்ளியில்லாத ஙகரமும் அடுத்தடுத்து. இரண்டாவது முதலாவதைவிடச் சற்று அகன்றிருந்தது. அந்த அகலத்தையே எழுத்துருவில் கொண்டேன்.

‘ஔ’ எங்கும் இல்லை. ஔவையாரை அவர் ‘அவ்வையார்’ என்றே எழுதியிருந்தார். ‘ஙி’, ‘ஙீ’, ‘ஙு’, ‘ஙூ’ இல்லை. அவை எவருடைய கடிதத்திலும் இரா. இறந்த ஒருவரின் கையெழுத்தில் அவர் எழுதாத எழுத்தை நாம் எழுதுவது முறையா? இக்கேள்வி என்னைச் சில வாரங்கள் தடுத்து நிறுத்தியது. கடைசியில், எழுதலாம் என்றே முடிவு செய்தேன். அதற்கான காரணத்தை உகர வரிசை எனக்குக் காட்டிற்று.

உகர வரிசையின் பதினெட்டு எழுத்துகளையும் வடிவத்தால் பிரித்துப் பாருங்கள். ‘கு, டு, மு, ரு, ழு, ளு’ ஆகிய ஆறும் வலப்புறத்திலிருந்து வளைந்து கீழே தழுவும் கோட்டைப் பெறுகின்றன. ‘ஙு, சு, பு, யு, வு’ ஆகிய ஐந்தும் கீழே இறங்கும் நேர்கோட்டைப் பெறுகின்றன. ‘ஞு, ணு, து, நு, லு, று, னு’ ஆகிய ஏழும் கீழே சுழன்று வலப்புறம் ஏறும் கோட்டைப் பெறுகின்றன. ஆகவே ‘ஙு’ என்பது தந்தையாரின் கை அறியாத எழுத்தன்று. அவருடைய ‘பு’வும் ‘யு’வும் எப்படி இறங்குகின்றனவோ, அப்படியே அவருடைய ‘ஙு’வும் இறங்கியிருக்கும். ‘ஔ’வுக்கும் வழி கிடைத்தது. ‘ஊ’வின் உள்ளே ஒரு சிறிய ளகரம் இருக்கிறதல்லவா? ஊரைப் பற்றி எழுதாத கடிதம் ஒன்றுமில்லை. அந்தச் சிறிய ளகரத்தை எடுத்து அவருடைய ‘ஒ’வுக்கு அருகில் வைத்தேன்.

கையெழுத்து என்று நாம் அழைப்பது சில நூறு வடிவங்களின் தொகுப்பன்று. அவ்வடிவங்களுக்கு அடியில், எழுதுபவரே அறியாமல் இயங்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எழுத்துரு செய்பவர் தேடுவது அவ்வொழுங்கையே. அது கிடைத்துவிட்டால், எழுதப்படாத எழுத்தையும் நாணயத்தோடு எழுதலாம்; கிடைக்காவிட்டால், எழுதப்பட்டவற்றை எத்தனை துல்லியமாகப் படியெடுத்தாலும் அவை ஒன்றோடொன்று பேசா. ஒன்று மட்டும் கூடாது: கையொப்பத்தை எழுத்துருவில் சேர்க்காதீர்கள், அது பிறர் கையில் எளிதில் தவறாகப் பயன்படும்.

கணினிக்குள்

தாளில் வரைந்தவற்றை வருடியில் 600 புள்ளி அடர்த்தியில் படியெடுத்து, ‘ஃபாண்ட்ஃபோர்ஜ்’ போன்ற இலவச மென்பொருளில் ஏற்றலாம். அங்கே ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் வளைகோடுகளாக மாற்றப்படும். வளைகோடு எங்கே திரும்புகிறதோ அங்கே, அதாவது மேல், கீழ், இடம், வலம் ஆகிய உச்சங்களில், கணுப்புள்ளி வைத்தால் போதும். தானியங்கியாக விட்டால் மென்பொருள் ஒரு சுழிக்கு நாற்பது கணுப்புள்ளிகளை இறைத்துவிடும், விளிம்பு நடுங்கும். நான் தானியங்கியின் வேலையைப் பெரும்பாலும் அழித்துவிட்டுக் கையாலேயே மீண்டும் வரைந்தேன்.

எழுத்துக்கு இருபுறமும் விட வேண்டிய வெற்றிடத்தை ஓரவெளி எனலாம். வரைவதில் செலவிட்ட காலத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்குங்கள். ‘ப’வை அளவையாகக் கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு பகரங்களுக்கு நடுவே வைத்துப் பார்ப்பது நல்ல முறை: பகப, பசப, பணப. ‘ட’வின் வலப்புறம் மேலே திறந்து கிடப்பதால், அடுத்த எழுத்து எதுவாயினும் நடுவே பள்ளம் தெரியும், ஆகவே அதன் வலது ஓரவெளியைக் குறைக்க வேண்டும். கொம்புகள் இன்னும் நுட்பமானவை. கொம்பு தனக்கு வலப்புறமுள்ள எழுத்துக்கு உரியது. அது இடப்புறத்து எழுத்தை நெருங்கி நின்றால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். எனவே கொம்பின் வலது ஓரவெளி இறுக்கமாகவும், இடது ஓரவெளி தளர்வாகவும் இருக்க வேண்டும். துணைக்காலுக்கு இதன் மறுதலை.

அடுத்து விதிகள். ஒருங்குறி தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. அவற்றுட் பல இன்னும் வெற்றிடங்களே. ‘கு’வுக்கு அங்கே தனியிடம் இல்லை, ககரத்தின் குறியீடும் உகரக் குறியின் குறியீடும் அடுத்தடுத்து நிற்பதே ‘கு’. அவ்விரண்டும் சேர்ந்து வரும்போது நான் வரைந்த ‘கு’ வடிவத்தை இடுக என்னும் விதியை எழுத்துருவுக்குள் நாம் எழுத வேண்டும். ‘கெ’ என்பதிலும் முதலில் வருவது ககரம், பிறகு கொம்பு. திரையில் கொம்பை முன்னே நகர்த்துவது எழுத்தடுக்கும் மென்பொருளின் வேலை. அது முறையாக நிகழாதபோதுதான், பல மொழி அறிவிப்புப் பலகைகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னேயும், புள்ளி ஆகாயத்திலும் நிற்கும் தமிழைக் காண்கிறோம். அதைக் கண்டு வருந்துவோர் பலர். அது எழுதியவரின் அறியாமையா, எழுத்துருவின் குறையா, மென்பொருளின் குறையா என்று பிரித்துச் சொல்ல வல்ல மாணவர் ஒருவர் ஒரு பள்ளிக்கு இருந்தாலும் அப்பலகைகளைத் திருத்தச் சொல்லிக் காரணத்தோடு கடிதம் எழுதலாம்.

விதிகளின் பயனை நான் முழுமையாக உணர்ந்தது பழைய எழுத்துகளால். தந்தையாரின் கடிதங்கள் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்டவை. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. பின்னர் நம் நாடுகளிலும் அது நிலைபெற்றது. அதற்கு முன், ‘ணை, லை, ளை, னை’ ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவோடும், ‘ணா, றா, னா’வும் அவற்றோடு தொடர்புடைய ஒகர, ஓகார எழுத்துகள் ஆறும் காலில்லாத தனி வடிவோடும் எழுதப்பட்டன. மொத்தம் 13 வடிவங்கள். ‘அண்ணா’ என்றும் ‘இல்லை’ என்றும் எழுதாத கடிதம் ஏது? பழைய வடிவை இட்டால் இன்றைய மாணவர்க்குப் படிக்க வராது. புதிய வடிவை இட்டால் அது தந்தையாரின் கடிதமாக இராது.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பதே விடை. குறியீடு ஒன்று, வடிவம் இரண்டு. ஓப்பன்டைப் எழுத்துருவில் ‘மாற்று வடிவத் தொகுதி’ என ஒன்றை அமைத்து, அந்த 13 பழைய வடிவங்களையும் அதில் வைத்தேன். இயல்பாகத் தட்டினால் புதிய எழுத்து. தொகுதியைத் தேர்ந்தால் பழைய எழுத்து. இரண்டிலும் தேடினால் ‘இல்லை’ என்ற சொல் ஒரே சொல்லாகவே கிடைக்கும். எழுத்து வேறு, அதன் வடிவம் வேறு என்று வகுப்பில் சொல்லி விளங்கவைக்க முடியாததை, இந்த ஒரு விசையைத் தட்டிக் காட்டி விளங்கவைத்திருக்கிறேன்.

இதே வழியில், அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு இரண்டாவது வடிவமும் தரலாம். ‘பப்பாளி’ என்ற சொல்லில் மூன்று முறை வரும் பகரமும் அச்சுப்போல ஒன்றாக இருந்தால் அது கையெழுத்தன்று என்பது உடனே வெளிப்படும். நான் க, த, ப, ம, ர ஆகிய ஐந்துக்கு மட்டும் இரண்டாம் வடிவம் வரைந்தேன்.

அச்சுப்படி

எழுத்துரு ஒருவாறு முடிந்ததும், தந்தையார் எழுதிய ஒரு கடிதத்தை அதில் தட்டி, பழைய வடிவத் தொகுதியைத் தேர்ந்து, மூலத்தின் அளவிலேயே அச்சிட்டு அத்தையிடம் கொண்டு சென்றேன். அவருக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கண்ணாடியை மாற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “எழுத்து அவன் எழுத்துதான். ஆனா புள்ளியெல்லாம் யாரோ வச்ச மாதிரி இருக்குய்யா” என்றார்.

வீட்டுக்கு வந்து மூலக் கடிதங்களை மீண்டும் பார்த்தேன். ஈராண்டுகளாகப் பார்த்தவை, எனினும் அதைப் பார்க்கவில்லை. நான் எல்லா மெய்களிலும் புள்ளியை எழுத்தின் நேர்நடுவே வைத்திருந்தேன், பாடநூலில் உள்ளபடி. தந்தையாரோ சொல் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, பிறகு திரும்பிச் சென்று புள்ளிகளை ஒருசேர வைப்பவர். கை அடுத்த சொல்லை நோக்கி விரைந்துகொண்டிருந்ததால் புள்ளிகள் யாவும் நடுவிலிருந்து வலப்புறம் விலகியிருந்தன. சொல்லின் இறுதியிலுள்ள மெய்யில் விலக்கம் இன்னும் மிகுதி. பதினெட்டு மெய்களிலும் புள்ளியை நாற்பது அலகு வலப்புறம் நகர்த்தினேன். எழுத்தின் முழு அளவு ஆயிரம் அலகு. சொல்லிறுதியில் வரும் ம், ன், ல், ர் ஆகிய நான்குக்கும் எழுபது அலகு நகர்த்திய தனி வடிவங்களைச் சேர்த்து, அவற்றின் பின் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்தால் மட்டும் அவற்றை இடுக என்று ஒரு விதியும் எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிய அச்சுப்படியோடு தைப்பிங் சென்றேன். அத்தை அதைப் படித்து முடித்து, மடித்து, பிஸ்கட் பெட்டி எங்கே என்று கேட்டார்.